புது மரக் கிளாரினெட்டில் விரிசல்: பாலக்காட்டுக் கணவாய் ஊர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் புதிதாக மரக் கிளாரினெட் வாங்கியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் பேண்ட் செட்டில் வாத்தியங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அக்கம்பக்கத்துச் செட்டுக்காரர்களும், கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கிளாரினெட் கற்க அனுப்பிய பெற்றோர்களும் கொண்டுவந்து காட்டுவார்கள். வருகிற கோளாறு திரும்பத் திரும்ப ஒன்றுதான்: வாங்கிய முதல் வருஷத்திலேயே மேல் ஜாயின்டில், அதாவது குழலின் மேல் துண்டில், விரிசல். அதுவும் கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவில்.

நம் ஊர் வாகு அப்படி. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் திறந்து கிடக்கிற கணவாய். எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் மேற்கிலிருந்து ஈரக்காற்று. கார்த்திகை பிறந்தால் கிழக்கிலிருந்து வறட்டுக்காற்று. மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்பது இதைத்தான். கிளாரினெட் செய்கிற கிரனடில்லா மரம் தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் விளைவது. தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். இருந்தாலும் உள்ளே நம் மூச்சின் சூடும் ஈரமும், வெளியே காய்ந்த காற்றும் என்றால் உள்பக்கம் உப்புகிறது, வெளிப்பக்கம் சுருங்குகிறது. அந்த இழுபறியில்தான் பிளக்கிறது. காரணம் இவ்வளவு தெரிந்தால் போதும்.

முக்கியமான விஷயம், விரிசல் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். வளையம் கழலும், கீக்களை (துளைகளைத் திறந்து மூடும் நெம்புகோல்கள்) தாங்கும் உலோகத் தூண் ஆடும், ஜாயின்டின் பிடி மாறும். இவற்றில் ஒன்றைப் பார்த்த அன்றே கவனித்தால் வாத்தியம் தப்பிக்கும். அதனால் விரிசலை மட்டும் தேடாமல் கீழே உள்ள எல்லா அறிகுறிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை: பெட்டிக்குள் வைக்கிற சின்ன ஈரப்பதமானி (சில நூறு ரூபாய்தான்), டார்ச், ஒரு லென்ஸ், உள்குழல் துடைக்கும் துணி, கார்க் கிரீஸ் (ஜாயின்டுகளின் கார்க் சுற்றிய முனையில் தடவுவது). பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

## அறிகுறி: கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது

இதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். புது மரத்துக்கு ஈரம் பழக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 15, 20 நிமிஷத்துக்கு மேல் ஊத வேண்டாம். அப்புறம் வாரத்துக்கு ஒரு 10 நிமிஷம் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆன பிறகு வழக்கம்போல வாசிக்கலாம். பேண்டில் இருப்பவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் ஊத வேண்டியிருந்தால் பழைய வாத்தியத்தையோ பிளாஸ்டிக் கிளாரினெட்டையோ எடுத்துப் போங்கள். சீசன் நடுவில் புது மர வாத்தியம் வாங்கி நேராக ஊர்வலத்துக்குக் கொண்டுபோவதுதான் நான் பார்த்தவரை விரிசலுக்கு முதல் காரணம். வாங்குவதாக இருந்தால் ஆடி, ஆவணியில் வாங்குங்கள். காற்று திரும்புவதற்குள் மரம் கொஞ்சம் பழகியிருக்கும்.

ஊதி முடித்ததும் உள்குழலைத் துடைக்க வேண்டும், நடுவில் இடைவேளை விட்டால் அப்போதும்தான். ஜாயின்டுகளைக் கழற்றி, கார்க் சுற்றிய முனையையும் அது போய்ச் சேரும் வாயையும் தனித்தனியாகத் துடையுங்கள். ஈரம் தங்குவது அங்கேதான். துடைத்த துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடாதீர்கள்.

மார்கழி விடியலில் கோயிலில் வாசிக்கப் போகிறவர்கள் ஜில்லென்ற வாத்தியத்தை எடுத்தவுடன் ஊத வேண்டாம். மேல் ஜாயின்டை அக்குளில் இடுக்கி ஐந்து நிமிஷம் வெளியிலிருந்து சூடேற்றுங்கள். உள்ளே ஊதிச் சூடேற்றுவது பலரின் பழக்கம், அது நேர் எதிரான வேலை.

## அறிகுறி: உலோக வளையம் கழல்கிறது அல்லது சுற்றுகிறது

பேரல் (ஊதும் முனைக்கு அடுத்த சின்னத் துண்டு), பெல் (கீழே விரிந்த வாய்), ஜாயின்டுகளின் வாய், இங்கெல்லாம் வெள்ளி நிற வளையம் மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். விரலால் திருப்பிப் பாருங்கள். அசையக் கூடாது.

லேசாகச் சுற்றுகிறது, கழன்று வரவில்லை. மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் ஈரப்பதமானியைப் பாருங்கள். 40-க்குக் கீழே இருந்தால் பெட்டிக்குள் ஈரம் கொடுங்கள். கடையில் இதற்கென்றே இருவழி ஈரப்பதப் பை கிடைக்கிறது. மர வாத்தியத்துக்கு 49 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியின் மூடியில் நாலைந்து துளை போட்டு, உள்ளே நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து வாத்தியப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். ஸ்பாஞ்சைக் கையில் அழுத்தினால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. ஆரஞ்சுத் தோல் போடுவது பழைய வழக்கம், வேலையும் செய்யும். ஆனால் மறந்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் நான் சொல்வதில்லை.

ஒரு வாரத்தில் வளையம் தானாக இறுகிவிட்டால் வேலை முடிந்தது. அந்த வாரம் முழுக்க ஊதும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

வளையம் கையோடு வருகிறது. அன்று ஊத வேண்டாம். வாயைச் சுற்றி மரம் மெல்லிசு. வளையம் இல்லாமல் உள்ளே கார்க் முனையைத் திணித்தால் அந்த இடமே பிளந்துபோகும். மேலே சொன்னபடி ஈரம் கொடுங்கள். அவசரமாக ஒரு நிகழ்ச்சி இருந்தால், வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய காகிதத்தை ஒரு சுற்று வைத்து மெதுவாக அழுத்திப் பொருத்தலாம், ஒரு நாள் ஓடும். பெவிக்விக் விட்டு ஒட்டாதீர்கள். எடவப்பாதியில் மரம் திரும்ப உப்பும்போது வளையத்தைச் சரிசெய்ய வழியில்லாமல் போகும்.

ஈரம் கொடுத்து இரண்டு வாரமாகியும் ஆடுகிறது. பழுது பார்ப்பவரிடம் போங்கள். வளையத்தை மெல்லக் குறுக்கியோ உள்ளே பட்டை கொடுத்தோ இறுக்கித் தருவார். சின்ன வேலை, செலவும் அதிகமில்லை. வளையம் ஆடுவதை விட்டுவைத்தால் அடுத்து வருவது ஜாயின்ட் விரிசல், அதற்கு ஆகிற செலவு பல மடங்கு.

## அறிகுறி: ஜாயின்ட் இறுகுகிறது

இது பெரும்பாலும் ஆனி, ஆடியில் வரும். புது வாத்தியத்தில் எந்த மாதமும் வரலாம்.

முதலில் ஒரு கேள்வி: எப்போது இறுகுகிறது?

ஊதுவதற்கு முன்பே இறுக்கம். கார்க் தடிமனாக இருக்கலாம், கிரீஸ் காய்ந்திருக்கலாம், பழைய கிரீசில் தூசி சேர்ந்து கெட்டியாகியிருக்கலாம். துணியால் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுப் புதுக் கிரீசை மெல்லியதாகத் தடவுங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கார்க்கை மட்டும் மிக நைசான உப்புத்தாளால் இரண்டு சுற்று தேய்க்கலாம். மரத்தில் உப்புத்தாள் படக் கூடாது.

ஊதிய பிறகு மட்டும் இறுக்கம். மரம் உப்புகிறது. கார்க்குக்கு மேலும் கீழும் இருக்கிற மர விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தால் மரத்தோடு மரம் உரசுகிறது. ஊதும் நேரத்தைக் குறைத்து, ஊதி முடித்தவுடன் கழற்றித் துடைத்து வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கலாம். அடங்காவிட்டால் அந்த விளிம்பை ஒரு நூல் அளவுகூட இல்லாமல் கடைசலில் சீவ வேண்டும். புது வாத்தியத்தில் இது சாதாரண வேலைதான், ஆனால் பழுது பார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை.

கழற்றவே முடியவில்லை. பிளையரைத் தொடாதீர்கள். இருவர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்குவதும் வேண்டாம், கீ வளைந்துவிடும். மின்விசிறி ஓடுகிற அறையில் ஒரு நாள் அப்படியே வையுங்கள், வெயிலில் வேண்டாம். மறுநாள் கீ இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்து நேராகச் சுற்றி இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிக் கழற்றினால் முனை ஒடியும். வரவில்லையா? அப்படியே பெட்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கிரீசுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழி காலையில் நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலே சாட்சி. ஜாயின்டுக்குள் உறைந்த எண்ணெயை வைத்துக்கொண்டு முறுக்குவது நல்லதில்லை.

## அறிகுறி: மேல் ஜாயின்டில் ஒரு கோடு தெரிகிறது

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்படுவதற்கு முன்னால் அது என்ன என்று பார்க்க வேண்டும். மரத்தின் ரேகையாக இருக்கலாம், கீறலாக இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம்.

போன தை மாதம் ஒரு அப்பா மகளின் கிளாரினெட்டோடு வந்தார். "மாஸ்டர், இது கீறலா விரிசலா, பாத்துச் சொல்லுங்க. வாங்கி நாலு மாசம்கூட ஆகலை." வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு மேல் வளையத்துக்கு அடியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் வளைந்து, ட்ரில் கீயின் (மேல் ஜாயின்டின் தலைப்பக்கம் இருக்கிற கீ) துளை விளிம்பைத் தொட்டு நின்றது. தலைமயிர் அளவுதான். ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடைத்தேன். சுற்றியிருந்த மரம் அரை நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. கோடு மட்டும் கறுப்பாக, ஈரமாக அப்படியே நின்றது. தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது என்றால் அது விரிசல். "காருல எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். "பொள்ளாச்சில ஒரு கல்யாணம் மாஸ்டர். பின்சீட்டுக்கு மேல, கண்ணாடிகிட்ட இருந்துச்சு. மண்டபத்துல ஏசி வேற." வெயிலில் வெந்த மரத்தை ஏசி மண்டபத்துக்குள் கொண்டுபோய் உடனே ஊதியிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாத்தியத்தை விற்ற கடையில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நீங்கள் வீட்டிலேயே பார்க்க வேண்டிய வரிசை இது:

1. நகத்தைக் கோட்டுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். ரேகை நகத்தில் தட்டாது, கீறலும் விரிசலும் தட்டலாம்.
2. ஈரத் துணித் துடைப்பு, மேலே சொன்னபடி. கீறல் சுற்றியுள்ள மரத்தோடு சேர்ந்து காயும்.
3. கோடு எங்கே போகிறது என்று லென்சில் பாருங்கள். கீறல் எந்தத் திசையிலும் போகும். விரிசல் மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் ஓடும், பெரும்பாலும் மேல் ஜாயின்டின் தலைப்பக்கம், ட்ரில் துளைகளை ஒட்டி.
4. மேல் ஜாயின்டைத் தனியாக எடுத்து, எல்லாத் துளைகளையும் விரலால் மூடி, கீழ் முனையை உள்ளங்கையில் அடைத்து, மேல் முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடி இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ கசிகிறது. கோட்டின் மேல் செலோடேப் ஒட்டிவிட்டு மறுபடி உறிஞ்சுங்கள். இப்போது நின்றால் கசிவு அந்தக் கோட்டில்தான். டேப் ஒட்டியும் நிற்கவில்லையென்றால் பேட் (கீக்கு அடியில் துளையை மூடும் மெத்தை) பழுது, அடுத்தடுத்த பகுதிகளைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

ரேகை அல்லது கீறல் என்று முடிவானால் விட்டுவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் கோட்டின் இரண்டு நுனியிலும் வெள்ளைக் கலர் பென்சிலால் புள்ளி வைத்து, தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் கோடு புள்ளியைத் தாண்டினால் விரிசல்.

விரிசல், ஆனால் கசிவு இல்லை, துளையையும் தொடவில்லை. ஊதுவதை நிறுத்துங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 50 பக்கம் வருமாறு வையுங்கள். திறந்த விரிசல் மூடிக்கொண்டது போலத் தெரியும். ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், திரும்ப ஊதினால் திரும்பத் திறக்கும். பழுது பார்ப்பவர் மிக நீர்த்த பசையையும் அதே மரத்தின் தூளையும் இறக்கி, தேய்த்து மெருகேற்றித் தருவார். நல்ல கை என்றால் கோடு இருந்த இடமே தெரியாது, குரலும் மாறாது.

துளையைத் தொட்டுவிட்டது, அல்லது கசிகிறது. பசை மட்டும் போதாது. மரத்துக்குக் குறுக்கே உலோக ஊசி இறக்கிப் பிடிப்பு கொடுப்பார்கள், அல்லது சுற்றி நார்ப்பட்டை பதிப்பார்கள். துளையின் விளிம்பு போயிருந்தால் துளைக்கே புது வளையம் செருக வேண்டியிருக்கும். எல்லாம் கீக்களைக் கழற்றிச் செய்கிற வேலை, நாள் பிடிக்கும்.

விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது, அல்லது இரண்டு மூன்று விரிசல். புது மேல் ஜாயின்டுக்கு என்ன விலை, ஒட்டுவதற்கு என்ன கூலி என்று இரண்டையும் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். விலை குறைந்த வாத்தியத்தில் இவ்வளவு ஆகியிருந்தால் செலவழிக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எந்த நிலையிலும் வீட்டில் பெவிக்விக் விடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மேலோட்டமாக ஒருமுறை பசை காய்ந்துவிட்டால், பழுது பார்ப்பவரின் பசை அடிவரை இறங்க வழியில்லை. பேடில் பட்டால் அதுவும் போச்சு. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் கை வைத்த தடயத்தைக் காட்டியே கோரிக்கையை மறுத்துவிடுவார்கள். வாத்தியத்தோடு வந்த அட்டையை எடுத்து, விரிசலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

## அறிகுறி: கீ மெதுவாகத் திரும்புகிறது, தூண் ஆடுகிறது

கீக்களைத் தாங்கும் சின்ன உலோகத் தூண்கள் மரத்தில் திருகி நிற்கின்றன. மரம் சுருங்கினால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு பொட்டு குறையும், நீளக் கீ சிக்கிக்கொள்ளும். கீழ் ஜாயின்டின் நீளக் கீக்களில் முதலில் தெரியும்.

காலையில் சிக்குகிற கீ, பெட்டிக்கு ஈரம் கொடுத்து நாலைந்து நாளில் சரியாகிறதா என்று பாருங்கள். சரியானால் கீயில் குறையில்லை. சரியாகவில்லையென்றால் தண்டில் ஒரு சொட்டுக் கீ ஆயில், அப்போதும் இல்லையென்றால் ஸ்பிரிங் அல்லது வளைவு, பழுது பார்ப்பவர் வேலை. நாமாகக் கீயை வளைத்து நிமிர்த்தினால், மழைக்காலத்தில் மரம் உப்பும்போது அதே கீ மறுபக்கம் ஆடும்.

தூணே விரலுக்குச் சுற்றுகிறது என்றால் மரம் நிறையக் காய்ந்துவிட்டது. அன்றே ஊதுவதை நிறுத்தி, வளையங்களையும் கோடுகளையும் சோதித்துவிடுங்கள்.

## அறிகுறி: கீச்சிடுகிறது, தாழ்ந்த ஸ்வரங்கள் நிற்கவில்லை

விரிசல் என்று நினைத்துப் பதறி வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான் முடிந்துவிடும். மலிவிலிருந்து பார்த்துக்கொண்டு போங்கள்.

ரீடை (ஊதும் முனையில் அதிரும் நாணல் பட்டை) மாற்றுங்கள். வறட்டுக்காற்றில் ரீட் நுனி அலையலையாக நெளிந்துவிடும். ஊதுவதற்கு முன் வாயில் இரண்டு நிமிஷம் ஊறவையுங்கள். அடுத்து, குரலில் தண்ணீர் சலசலக்கிறதா? துளையில் நீர் தங்கியிருக்கிறது. அந்தக் கீயைத் திறந்து ஊதித் தள்ளி, பேடுக்கு அடியில் மெல்லிய காகிதத்தை வைத்து ஒற்றி எடுங்கள். அடுத்து பேட்: மெல்லிய காகிதத் துண்டைப் பேடுக்கு அடியில் வைத்துக் கீயை மூடி இழுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே பிடி இருக்க வேண்டும். ஒரு பக்கம் நழுவினால் பேட் சரியாக உட்காரவில்லை. இவை மூன்றும் சரி என்றால்தான் மேலே சொன்ன உறிஞ்சல் சோதனை. கமகம் வாசிக்கிறவர்களுக்கு விரலை நகர்த்தும்போதே சின்னக் கசிவும் காதில் பட்டுவிடும், அவர்கள் சந்தேகத்தை லேசாக எடுக்காதீர்கள்.

## அறிகுறி: உள்குழல் வெளுத்துத் தெரிகிறது

ஊதித் துடைத்த பிறகு மேல் ஜாயின்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். கறுத்து மினுங்கினால் நல்லது. சாம்பல் பூத்தது போல மங்கலாக இருந்தால் எண்ணெய் கேட்கிறது. ஆனால் புது வாத்தியத்துக்கு எண்ணெய் போடலாமா என்பதில் செய்கிறவர்களே ஒத்துப்போவதில்லை, அதனால் கூட வந்த குறிப்பு என்ன சொல்கிறதோ அதுவே முதல். குறிப்பு ஒன்றும் சொல்லவில்லையென்றால் என் வழக்கம்: வறட்டுக்காற்று தொடங்கும் முன் ஒருமுறை, தேவைப்பட்டால் தையில் ஒருமுறை.

இதற்கென்று விற்கும் எண்ணெய், இல்லாவிட்டால் சுத்தமான பாதாம் எண்ணெய். வாத்தியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அன்றைக்கு ஊதியிருக்கக் கூடாது. மூடியிருக்கும் பேடுகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் துண்டு செருகுங்கள். தனித் துணி ஒன்றில் ஐந்தாறு சொட்டு விட்டுப் பிசைந்து, துணி ஈரமாகத் தெரியாத அளவுக்கு வந்த பின் உள்குழலில் இரண்டு முறை இழுங்கள். இரவு முழுக்க விட்டுக் காலையில் உலர்ந்த துணியால் துடையுங்கள். துணியில் நிறைய எண்ணெய் வந்தால் மரம் குடிக்கவில்லை, அதற்கு வேண்டியிருக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பருவத்தில் மறுபடி போட வேண்டாம்.

நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்குப் பிடிக்கும். விளக்கெண்ணெய் கனம். மெஷின் ஆயில் கீக்களோடு நிற்கட்டும், மரத்துக்குள் போக வேண்டாம். எண்ணெய் போட்டால் விரிசலே வராது என்று நம்பி ஏசி மண்டபத்திலும் வெயிலிலும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் உதவி செய்யும், காவல் காக்காது.

## அறிகுறி: பெட்டிக்குள் பூஞ்சணம், முடை நாற்றம்

மழைக்காலக் கோளாறு. வாத்தியத்தை வெளியே எடுத்துக் காய்ந்த துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். பெட்டியை மட்டும் வெயிலில் திறந்து காயவிடுங்கள். சிலிக்கா ஜெல் பை ஒன்று இரண்டு போடலாம்.

விரிசல் வருவதற்கு இதில்தான் ஒரு வழி ஒளிந்திருக்கிறது. ஆடியில் போட்ட சிலிக்கா ஜெல்லைக் கார்த்திகையில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். வெளியே வறட்டுக்காற்று, உள்ளே மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிற பை. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் ஐப்பசிக் கடைசியில் வருகிறது, காற்று திரும்புகிற நேரம். தேர் இழுக்கும் நாளில் சிலிக்கா ஜெல்லை வெளியே எடுத்து, ஈரப்பதப் பையை உள்ளே வைப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எடவப்பாதி மழை தொடங்கினால் மாற்றி வையுங்கள்.

## நாகசுரக்காரர்களுக்குக் கொஞ்சம்

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உலவுக்கு (நாகசுரத்தின் குழல்) ஆச்சா மரம்தான், அதிலும் பழைய வீடுகளைப் பிரித்த மரத்தைத் தேடி எடுப்பார்கள். வெகுகாலம் உத்திரமாக நின்று காய்ந்த மரம் என்பதால் கிளாரினெட் அளவுக்குப் பதற வேண்டியதில்லை. ஆனாலும் புது உலவு என்றால் ஈரம் பழக்குவது, துடைப்பது, வெயிலுக்கும் ஏசிக்கும் நடுவில் ஓட்டாமல் இருப்பது எல்லாம் இதற்கும் பொருந்தும். ஈரத் துணிச் சோதனையும் அதே மாதிரி செய்யலாம். கோடு விரிசல் என்று தெரிந்தால் மெழுகை வைத்து அடைக்காதீர்கள். மெழுகு இறங்கிய பிளவில் பசை பிடிக்காது. செய்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூங்கில் புல்லாங்குழல் இந்தக் காற்றில் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். துளைகளுக்கு நடுவில் நூல் இறுக்கிச் சுற்றியதாகப் பார்த்து வாங்குங்கள்.

## பட்டறைக்கு அனுப்பும்போது

கோயம்புத்தூர், திருச்சூர் எங்கே கொண்டுபோனாலும் நீங்களே கையில் எடுத்துப் போவது நல்லது. பஸ்ஸில் டிக்கியில் போடாதீர்கள், எஞ்சின் பக்கமும் வைக்காதீர்கள். பைக்கில் போனால் பெட்டியை ஒரு பருத்தித் துணியால் சுற்றிப் பைக்குள் வையுங்கள், டேங்கின் மேல் வெயிலில் வேண்டாம்.

கூரியரில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஜாயின்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித் துணியில் சுற்றி, ஈரப்பதப் பையோடு பெட்டியில் வைத்து, பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். ஸ்பாஞ்சு வைத்த சோப்புப் பெட்டியை எடுத்துவிடுங்கள், வழியில் திறந்துகொண்டால் நேராக மரத்தில் ஈரம் படும்.

உள்ளே ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: எந்த மாதம் வாங்கியது, முதல் கோடு எப்போது கண்ணில் பட்டது, அதற்கு முன் எங்கே வாசித்தது, பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருந்தது, என்ன எண்ணெய் போட்டது, வீட்டில் எதையாவது ஒட்டியதுண்டா. வெள்ளைப் பென்சில் புள்ளிகளைத் துடைக்காமல் அப்படியே விட்டு அனுப்புங்கள், போட்டோக்களையும் அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்து வந்த பிறகு முதல் ஒரு வாரம் மறுபடி 15 நிமிஷத்திலிருந்து தொடங்குங்கள்.